காய் காய்வதற்குள்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் அம்மாவுக்கு என்மேல் ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். எல்லாரும் பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்க, நான் மட்டும் வளைந்தது, தழும்பு விழுந்தது, காம்பு நீண்டது என்று தேடி எடுப்பேன். "இன்னா வாத்தியாரே, நல்ல காயெல்லாம் உட்டுட்டு கோணக் காயாப் பாத்து எடுக்கற? வூட்ல அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" என்று கேட்பார். சொல்லாமல் இருப்பார்களா?

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வரைவதெல்லாம் பெரும்பாலும் காய்கறிதான், எண்ணெய்ச் சாயத்தில். நிலையத்திலிருந்து பேசக் கூப்பிட்டதும், "கத்திரிக்காயைப் பற்றிப் பத்து நிமிஷமா?" என்று வீட்டில் சிரித்தார்கள். பார்ப்போம்.

இந்த வகை ஓவியத்துக்கு ஸ்டில் லைஃப் என்று பெயர். அசையாமல் கிடக்கும் பொருளை வரைவது. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், செத்த இயற்கை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மே மாதத்து வேலூரில் ஒரு கட்டு முளைக்கீரையை மேசைமேல் வைத்துப் பார்த்திருந்தால் இப்படி வைத்திருக்க மாட்டார்கள். ஒன்பது மணிக்கு விறைப்பாக நின்ற கீரை பத்தரைக்குள் தலை தொங்கிவிடும். மின்விசிறியைப் போட்டால் இன்னும் சீக்கிரம். மனிதரை உட்காரவைத்து வரைந்தால் "கொஞ்சம் நிமிருங்க" என்று சொல்லலாம். கீரையிடம் சொல்ல முடியுமா? தண்ணீர் தெளித்தால் நிமிரும்தான். ஆனால் நிமிர்வது வேறு பக்கம்.

இதற்கு வழி எனக்கு ஓவியப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. எங்கள் அம்மாவின் அடுக்களையில் கிடைத்தது. சந்தையிலிருந்து பை வந்ததும் அம்மா ஒரு கணக்குப் போடுவார். கீரை இன்றைக்கே. வெண்டைக்காய் நாளைக்கு. கத்திரிக்காய் அதற்கு அடுத்த நாள். சேனை, சேப்பங்கிழங்கெல்லாம் மெல்ல ஆகட்டும். சாம்பல் பூசணி மாசக்கணக்கில் பரண் மேலேயே கிடக்கும். நான் வரைவதும் இதே வரிசையில்தான். கொத்தமல்லியும் பூசணியும் ஒரே படத்தில் இருந்தால், முதல் ஒரு மணி நேரம் கொத்தமல்லிக்கு. பூசணிக்கு அவசரமே இல்லை. அதன்மேல் படிந்திருக்கும் அந்த வெள்ளைச் சாம்பலை, கீழே போட்ட பச்சை நன்றாகக் காய்ந்தபிறகு, ஈரமில்லாத தூரிகையால் அடுத்த வாரம் தேய்த்துக்கொள்ளலாம்.

காய்ந்தபிறகு என்றேன். இந்தத் தொழிலின் தொல்லையே அதுதான். காய் சீக்கிரம் காய்கிறது. சாயம் சீக்கிரம் காய்வதில்லை. எண்ணெய்ச் சாயத்தில் இருப்பது ஆளிவிதை எண்ணெய். அது ஈரத்துணி உலர்வதுபோல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்து, மெல்ல மெல்ல இறுகித் தோலாகிறது. மெல்லிய பூச்சாக இருந்தால் அம்பர் போன்ற மண் நிறங்கள் ஓரிரு நாளில் தொடும் பதத்துக்கு வந்துவிடும். அலிசரின் சிவப்பு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். எல்லா எண்ணெயும் இப்படி இறுகாது. இது தெரியாத வயசில், ஆளிவிதை எண்ணெய் வாங்கக் காசில்லாமல், சாயத்தில் தேங்காயெண்ணெயைக் குழைத்து இரண்டு முருங்கைக்காய் வரைந்தேன். ஆறு மாதம் கழித்தும் பிசுபிசுவென்றே இருந்தது. ஒரு ஈயும் இரண்டு கொசுவும் அதில் ஒட்டிக்கொண்டன. படத்தில் உயிர் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

இப்போது கத்திரிக்காய்க்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் இதைத் தவிர்க்க முடியாது. அணைக்கட்டுப் பக்கம் விளையும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் ருசி தெரியும். எனக்கு அதன் குல்லாய் முக்கியம். காம்பிலும் குல்லாயிலும் முள் நிற்கும். வழவழவென்ற உடம்பும் சொரசொரப்பான தலையும் ஒரே காயில் அமைவது வரைகிறவனுக்குக் கொடுப்பினை.

மாணவர்கள் கத்திரிக்காய் என்றதும் கறுப்பு டியூபைத்தான் திறப்பார்கள். கறுப்பைத் தொட்டால் அது கரிக்கட்டையாகிவிடும். அல்ட்ராமரைன் நீலமும் அலிசரினும் கலந்தாலே இருட்டு ஊதா வந்துவிடுகிறது. அடிப்பக்கத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும், கவனியுங்கள். மேசைவிரிப்பின் நிறம் எகிறி அங்கே ஒட்டிக்கொள்ளும். மேலே பளிச்சென்று தெரியும் இடம் வெறும் வெள்ளையில்லை. அது உங்கள் வீட்டு ஜன்னல். கிட்டப்போய்ப் பார்த்தால் கம்பிகூடத் தெரியும். வெளியே வானம் இருந்தால் அந்த வெள்ளையில் நீலம் கலந்திருக்கும். அதைக் கடைசியில், கெட்டியாக, ஒரே தொடலில் வைக்க வேண்டும். இரண்டாம் தடவை தொட்டால் போச்சு.

ஜன்னல் என்றதும் இன்னொன்று. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வரையுங்கள், அங்கே வெயில் நேராக விழாது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். நம்பிக்கையோடு நானும் வடக்கு அறையில் மேசையைப் போட்டேன். நாம் இருப்பது 13 டிகிரி அட்சரேகைக்குக் கொஞ்சம் கீழே. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிவெயிலே நமக்கு வடக்கே சாய்ந்துதான் இருக்கும். காலையிலும் மாலையிலும் வெயில் வடக்கு ஜன்னல் வழியே தக்காளியின் மடியிலேயே வந்து உட்கார்ந்தது. பழைய வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிச் சமாளித்தேன்.

காய்கறியைப் பெரிய விஷயமாக வரைந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஒரு ஸ்பானியர். பெயர் சான்செஸ் கோட்டான்; ஆந்தையை நினைத்துக்கொள்ளாதீர்கள். 1602 வாக்கில் ஒரு படம். கல் ஜன்னல்போல ஒரு சட்டம், பின்னால் கும்மிருட்டு. ஒரு பழமும் ஒரு முட்டைக்கோசும் நூலில் தொங்குகின்றன. கீழே நறுக்கிய முலாம்பழமும் வெள்ளரியும். தரையில் வைத்தால் அழுகும் என்று அந்தக் காலத்தில் தொங்கவிடுவார்களாம். நம் வீட்டு உறிதான். மறு வருஷமே அவர் துறவி மடத்தில் சேர்ந்துவிட்டார்.

மானே என்ற பிரெஞ்சு ஓவியர் கதையும் நம் மார்க்கெட்டுக்குப் பொருந்தும். 1880இல் ஒரு கட்டு அஸ்பாரகஸ் தண்டை வரைந்து 800 பிராங்க் விலை சொன்னார். வாங்கியவர் 1000 அனுப்பினார். மானே சும்மா இருக்கவில்லை. ஒற்றைத் தண்டு ஒன்றைத் தனியாகச் சின்னப் படமாக வரைந்து, உங்கள் கட்டில் ஒன்று குறைந்துவிட்டது என்று எழுதி அனுப்பிவைத்தார். கறிவேப்பிலைக் கொசுறு வாங்கி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போன மாதம், முள்ளுக் கத்திரிக்காய் மூன்றை வரைந்த ஒரு சின்னப் பலகையை அந்தக் கடைக்கார அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கோணக் காய் எதற்கென்று தெரியட்டுமே என்றுதான். தராசைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். பளபளப்பைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. தலைப்பக்கம் விரலை நீட்டினார்.

"ஒடம்பு அன்னிக்குப் பறிச்ச காயாட்டம் கீது. குல்லா மட்டும் சுருங்கிக் கீதே வாத்தியாரே. இது மூணா நாள் குல்லா."

உண்மைதான். உடம்பை முதல் நாளே முடித்துவிட்டு, முள்ளுக்குப் பயந்து தலையை மூன்றாம் நாள்தான் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கத்தியால் மூன்று குல்லாயையும் சுரண்டி எடுத்தேன். நல்லவேளை, சாயம் இன்னும் காய்ந்திருக்கவில்லை.