பத்து நிமிடத்தில் ஒரு நாள் தள்ளிப்போன புத்தாண்டு: எபிரேய நாட்காட்டி இயங்கும் விதம்

[திரையில்: 2025 செப்டம்பர் மாத நாட்காட்டி. 22, 23 ஆகிய தேதிகள் வட்டமிடப்பட்டிருக்கின்றன.]

2025 செப்டம்பர் 22 அன்று சூரியன் மறைந்ததும் யூதர்களின் 5786ஆம் ஆண்டு பிறந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, ஜெப ஆலயங்களில் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதி, ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டுத் திருநாளைக் கொண்டாடினார்கள். ஆனால் அந்த மாதத்தின் அமாவாசை, அவர்களுடைய கணக்குப்படி, திங்கட்கிழமை நண்பகலைத் தாண்டிப் பத்து நிமிடமும் 23 வினாடியும் ஆனபோது நேர்ந்துவிட்டது. அது நண்பகலுக்கு முன்பே நேர்ந்திருந்தால் புத்தாண்டும் திங்கட்கிழமையே வந்திருக்கும். அமாவாசை நண்பகலிலோ அதற்குப் பிறகோ நேர்ந்தால் அந்த நாளைப் புத்தாண்டாகக் கொள்ளக் கூடாது என்பது விதி.

ஆண்டின் மற்ற பண்டிகைகள் எல்லாம் இந்த ஒரு நாளைப் பற்றிக்கொண்டே நகர்கின்றன. ஆகவே ரோஷ் ஹஷானாவின் தேதி எப்படிக் கிடைக்கிறது என்பது தெரிந்துவிட்டால் யூத நாட்காட்டியின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

[திரையில்: பிறை வளர்ந்து முழுநிலவாகும் காட்சி. அதன் கீழே பன்னிரண்டு மாதங்களின் பெயர்கள்.]

எபிரேய மாதம் நிலவைப் பின்பற்றுகிறது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம், 3⅓ வினாடி ஆகும் என்று யூத சமய அறிஞர்களான ரபிமார்கள் கணக்கிட்டார்கள். ஒரு மணி நேரத்தை 1080 கூறுகளாகப் பகுத்து, அந்தச் சிறு கூறுகளிலேயே இதை எழுதி வைத்தார்கள். இன்றைய வானியல் அளவோடு ஒப்பிட்டால் ஒரு வினாடிகூட வேறுபடாத துல்லியம் இது. மாதங்கள் 30 நாளும் 29 நாளுமாக மாறி மாறி வருவதால் பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் 354 நாள்தான் கிடைக்கிறது. சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. இஸ்லாமிய நாட்காட்டி இந்தக் குறைவை அப்படியே விட்டுவிடுவதால்தான் ரமலான் மாதம் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகிறது.

யூதர்களால் அப்படி விட முடியாது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பெசாக் பண்டிகையை, கதிர் விளையும் ஆபிப் மாதத்தில் கொண்டாட வேண்டும் என்று யூதர்களின் வேதமான தோரா கட்டளையிடுகிறது. அதிலிருந்து ஏழு வாரங்களை எண்ணி முடித்ததும் வரும் ஷவுவோத், கோதுமை அறுவடைக் காலத்துக்குரியது. இலையுதிர் காலத்தில் வரும் சுக்கோத், களத்து விளைச்சலைச் சேர்த்து முடித்தபின் குடில்களில் தங்கிக் கொண்டாடும் விழா. தேதியை நிலவு சொல்ல வேண்டும். பருவத்தைச் சூரியன் காக்க வேண்டும். நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதைப் போலவே, இங்கும் சில ஆண்டுகளில் ஆதார் என்னும் மாதம் இரண்டு முறை வருகிறது. 19 ஆண்டுகள் கொண்ட சுழற்சியில் 3, 6, 8, 11, 14, 17, 19 ஆகிய ஏழு ஆண்டுகளுக்குப் பதின்மூன்று மாதங்கள் உண்டு. ஆதார் மாதத்துக்குரிய பூரிம் பண்டிகை அத்தகைய ஆண்டுகளில் இரண்டாம் ஆதாரில்தான் வரும்.

[திரையில்: பழைய எருசலேமின் வரைபடம். ஒலிவ மலையிலிருந்து கிழக்கு நோக்கித் தீப்பந்தங்கள்.]

இந்தச் சுழற்சி வழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் மாதத்தை அறிவித்தவர்கள் மனிதர்கள். பிறையைக் கண்டவர்கள் எருசலேமுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். அதற்காக ஓய்வுநாளான ஷப்பாத்திலும் பயணம் செய்ய அவர்களுக்கு அனுமதி இருந்தது. அவர்கள் கூடுவதற்கு பேத் யாசேக் என்ற பெரிய முற்றம் இருந்தது என்றும், அடுத்த முறையும் விரும்பி வர வேண்டும் என்பதற்காக அவர்களுக்கு அங்கே பெரிய விருந்து அளித்தார்கள் என்றும் ரபிமார்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. பிறை சூரியனுக்கு வடக்கே இருந்ததா, தெற்கே இருந்ததா, எவ்வளவு உயரத்தில் தெரிந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எவ்வளவு அகலம் என்று நீதிபதிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார்கள். எருசலேம் ஆலயம் அழிந்த பிறகு யாவ்னே நகரில் தலைமை வகித்த ரப்பான் கமாலியேல், பிறையின் பல வடிவங்களைப் பலகையிலும் தம் மேல்மாடிச் சுவரிலும் வரைந்து வைத்திருந்தார், படிக்காத சாட்சிகளிடம் அவற்றைக் காட்டி, “இப்படிப் பார்த்தாயா, அப்படிப் பார்த்தாயா?” என்று கேட்பாராம்.

மாதம் பிறந்துவிட்டது என்ற செய்தி ஒலிவ மலையில் தொடங்கி மலைக்கு மலை தீ மூட்டி, யூதர்கள் வாழ்ந்த பாபிலோனியாவை நோக்கி அனுப்பப்பட்டது. அண்டைச் சமூகத்தாரான சமாரியர்கள் பொய்த் தீ மூட்டிக் குழப்பியதால் பின்னர் தூதர்களை அனுப்பத் தொடங்கினார்கள். தூதர் உரிய காலத்துக்குள் எட்ட முடியாத ஊர்களில் இருந்தவர்கள் எது சரியான நாள் என்ற ஐயத்தில் ஒரே பண்டிகையை இரண்டு நாள் கொண்டாடினார்கள். கணக்கு நிலைபெற்று ஐயம் நீங்கிய பின்பும், முன்னோர் வழக்கத்தைக் கைவிட வேண்டாம் என்று இஸ்ரவேல் நாட்டிலிருந்து செய்தி வந்ததாக, மிஷ்னாவை விரித்துரைக்கும் பெருநூலான தால்முத் சொல்கிறது. அதனால்தான் பெசாக்கின் முதல் திருநாள் இஸ்ரேலில் ஒரு நாளாகவும், வெளிநாடுகளில் மரபைக் கடைப்பிடிப்போரிடம் இரண்டு நாளாகவும் இன்றுவரை இருக்கிறது.

கூடுதல் மாதத்தையும் அன்று நீதிமன்றமே தீர்மானித்தது. புறாக் குஞ்சுகள் இன்னும் இளசாக இருக்கின்றன, ஆட்டுக்குட்டிகள் மெலிவாக இருக்கின்றன, கதிர் முற்றவில்லை. ஆகவே எனக்கும் என் தோழர்களுக்கும் சரியென்று பட்டதால் இந்த ஆண்டில் முப்பது நாட்களைக் கூட்டியிருக்கிறேன் என்ற பொருளில், கமாலியேல் என்ற பெயருடைய தலைவர் ஆலயக் குன்றின் படியில் அமர்ந்து எழுத்தரைக் கொண்டு எழுதுவித்த கடிதத்தைத் தால்முத் காத்து வைத்திருக்கிறது. நாட்காட்டியைப் பற்றிய இத்தனை ஆவணங்களில் என் மனத்தில் முதலிடம் பெறுவது இதுதான். வானத்தை அளந்து அறிந்தவர்கள், பண்டிகைக்கு வந்து சேர வேண்டிய குடியானவனின் தொழுவத்தையும் வயலையும் பார்த்தே முடிவெடுத்தார்கள்.

அந்த முடிவுக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருந்தது என்பதற்கு யாவ்னேயில் நடந்த ஒரு நிகழ்ச்சியே சான்று. முதல் இரவில் பிறையைக் கண்டோம், மறு இரவில் அது தென்படவில்லை என்று சொன்ன இரு சாட்சிகளை, யாவ்னேயின் தலைவரான ரப்பான் கமாலியேல் ஏற்றுக்கொண்டார். அது நடக்கவே முடியாதது என்று வாதிட்ட ரபி தோசாவோடு ரபி யோசுவாவும் உடன்பட்டார். உடனே கமாலியேல், “உம்முடைய கணக்கின்படி யோம் கிப்பூர் வருகிற நாளில் கைத்தடியோடும் பணத்தோடும் என்னிடம் வாரும்” என்று யோசுவாவுக்குக் கட்டளை அனுப்பினார். யோம் கிப்பூர் ஆண்டிலேயே மிகப் புனிதமான உபவாச நாள்; அன்று பணத்தைத் தொடுவதே தவறு. யோசுவா மனம் நொந்தார். எனினும் தடியை எடுத்துக்கொண்டு போனார். கமாலியேல் எழுந்து நின்று அவருடைய தலையில் முத்தமிட்டு, “ஞானத்தில் என் குருவே, என் சொல்லை ஏற்றதில் என் சீடரே, சமாதானத்தோடு வாரும்” என்று வரவேற்றார். பிறையைப் பற்றி யார் சொன்னது சரி என்பதைவிட, எல்லாரும் ஒரே நாளில் உபவாசம் இருப்பது பெரிதாகக் கருதப்பட்டது.

[திரையில்: வாரத்தின் ஏழு கிழமைகள். ஞாயிறு, புதன், வெள்ளி ஆகியவை சிவப்பில்.]

இன்றைய நிலையான கணக்கை 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் ஹில்லேல் என்ற தலைவர் வெளியிட்டதாக மரபு கூறுகிறது. அதன் எல்லா விதிகளும் நிலைபெறச் சில நூற்றாண்டுகள் ஆயின. நிலவுக்கும் சூரியனுக்கும் அடுத்ததாக இந்தக் கணக்கில் நுழையும் மூன்றாவது சக்தி வாரம். ரோஷ் ஹஷானா ஞாயிறு, புதன், வெள்ளி ஆகிய கிழமைகளில் வரக் கூடாது. அது புதனிலோ வெள்ளியிலோ வந்தால், பத்தாம் நாளான யோம் கிப்பூர் ஷப்பாத்துக்கு முந்தைய நாளிலோ அடுத்த நாளிலோ வந்து, சமைக்கவும் இறந்தவரை அடக்கம் செய்யவும் முடியாத இரண்டு நாட்கள் ஒட்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சுக்கோத்தின் ஏழாம் நாள் சனிக்கிழமையில் விழும். அன்று வில்லோ மரக் கிளைகளைத் தரையில் அடிக்கும் சடங்கைச் செய்ய இயலாது. இப்படித் தள்ளிவைப்பதால் ஏற்படும் ஏற்றத்தாழ்வை ஹெஷ்வான், கிஸ்லேவ் ஆகிய இரு மாதங்கள் 29 நாளாகவோ 30 நாளாகவோ மாறித் தாங்கிக்கொள்கின்றன. எனவே ஆண்டு 353, 354, 355 நாட்களாகவோ, கூடுதல் மாதம் இருந்தால் 383, 384, 385 நாட்களாகவோதான் இருக்க முடியும்.

[திரையில்: 921 முதல் 923 வரை இரு வரிசையாக நாட்காட்டிகள்.]

சில நிமிடங்கள் ஒரு சமூகத்தையே இரண்டாகப் பிரித்ததும் உண்டு. 921ஆம் ஆண்டில் பாலஸ்தீனத்தின் யூதத் தலைவர் ஆரோன் பென் மேயிர், நண்பகல் எல்லைக்கு மேல் 642 கூறுகள், அதாவது 35 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக, சலுகை உண்டு என்று அறிவித்தார். எகிப்தில் பிறந்த அறிஞர் சாதியா, பாபிலோனியக் கல்விக்கூடங்களின் பக்கம் நின்று அதை மறுத்தார். சிக்கலின் வேர் இரண்டு ஆண்டு தள்ளி இருந்தது. 923ஆம் ஆண்டு இலையுதிர் கால அமாவாசை, ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குப் பின் 237 கூறுகள், அதாவது 13 நிமிடமும் 10 வினாடியும் கடந்து நேர இருந்தது. பென் மேயிரின் கணக்கில் அந்தச் சனிக்கிழமையே புத்தாண்டு. பாபிலோனியர் கணக்கில் அது ஞாயிற்றுக்குத் தள்ளப்பட வேண்டும். ஞாயிறு ஆகாது என்பதால் திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்றால் 922ஆம் ஆண்டின் புத்தாண்டு செவ்வாயில் நிற்க முடியாது, ஏனெனில் இடைப்பட்ட ஆண்டு 356 நாள் ஆகிவிடும். ஆகவே அது வியாழனுக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில் ஹெஷ்வானும் கிஸ்லேவும் 30 நாள் பெற வேண்டும். முடிவில், 922ஆம் ஆண்டு பெசாக்கை பென் மேயிரைப் பின்பற்றியவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் மற்றவர்கள் செவ்வாய்க்கிழமையும் கொண்டாடினார்கள். பெசாக்கில் விலக்கப்படும் புளித்த அப்பத்தை ஒருவர் வீட்டிலிருந்து அகற்றிவிட்ட நாளில் இன்னொருவர் அதை உண்டார். பாபிலோனியக் கணக்கே இறுதியில் நிலைத்தது. 928இல் சாதியா சூரா கல்விக்கூடத்தின் தலைவரானார். இந்தச் சர்ச்சைக் கடிதங்களின் பகுதிகள் கெய்ரோவின் ஜெப ஆலயக் கிடங்கில் கிடைத்த பழைய ஏடுகளிலிருந்து வெளிவந்தன.

[திரையில்: 2024, 2026, 2027 ஆகிய ஆண்டுகளின் பெசாக் தேதிகள்.]

நிலைத்த கணக்கிலும் ஒரு சிறு பிசகு உண்டு. அதன் சராசரி ஆண்டு, உண்மையான சூரிய ஆண்டைவிட ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகம்; ஆகவே இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்துக்கு ஒரு நாள் வீதம் பண்டிகைகள் பின்னால் நகர்கின்றன. 2024இல் வசந்த காலச் சம இரவு நாளுக்குப் பிறகு வந்த முதல் பௌர்ணமி மார்ச் 25. பெசாக்கோ அடுத்த பௌர்ணமியான ஏப்ரல் 23இல்தான் வந்தது. இதைத் திருத்தும் அதிகாரம் பழைய நீதிமன்றத்தைப் போன்ற ஒரு சபைக்கே உண்டு. அத்தகைய சபை இல்லாத காலத்துக்கு உரியதே இந்தக் கணக்கு என்று 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிதிஸ் எழுதினார். அந்தச் சபை இன்று இல்லை. ஆகவே 5787ஆம் ஆண்டு, சுழற்சியின் பதினோராம் ஆண்டாக, இரண்டாவது ஆதாரைச் சேர்த்துக்கொண்டு 385 நாள் நீள்கிறது. 2026இல் ஏப்ரல் 2ஆம் தேதிக்குரிய பெசாக், 2027இல் ஏப்ரல் 22ஆம் தேதிக்குப் போகிறது.