பானை, பிரிமணை, என் வலது முழங்கால்

வணக்கம் மக்களே. மேசை மேல் மண்பானை இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், இது சமையல் வீடியோ இல்லை. அம்மாவிடம் கெஞ்சி வாங்கி வந்தது. பக்கத்தில் இருப்பது பிரிமணை. பாட்டி வீட்டில் பானைக்கு அடியில் பார்த்திருப்பீர்கள், வைக்கோலை முறுக்கிச் சுற்றிய வளையம்.

என்னோடு ஷட்டில் ஆடும் ஓர் அண்ணன் நேற்று கேட்டார்: "முழங்கால்ல கிழிஞ்ச ஜவ்வை வெட்டி எடுத்தாச்சு, வலியும் போயிடுச்சு. இனிமே கவலை இல்லைதானேடா?" அவருக்கு வாயால் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால்தான் பானை.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் ஏசிஎல்லும் ஜவ்வுதான், மினிஸ்கஸும் ஜவ்வுதான். ஏசிஎல் என்பது எலும்போடு எலும்பைக் கட்டும் நாண். மினிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் உட்காரும் பிறை. ஒரு முழங்காலுக்கு இரண்டு, உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. அண்ணனுக்கு வெட்டியது இந்தப் பிறையில்தான்.

இப்போது பானையை வெறும் மேசையில் வைக்கிறேன். ஆடுகிறது பாருங்கள். மேசையைத் தொடுவது அடியில் ஒரு சின்ன இடம் மட்டும்தான், மொத்த எடையும் அங்கேதான் இறங்குகிறது. தொடை எலும்பின் அடிமுனையும் இப்படி உருண்டை. அது உட்காரும் கீழ்க்கால் எலும்பின் தலையோ ஏறக்குறைய தட்டை. சரி, பிரிமணையை வைக்கிறேன். பானை அசையவில்லை. முழங்காலில் இந்தப் பிரிமணைதான் மினிஸ்கஸ்.

மினிஸ்கஸை மெத்தை என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. மெத்தை நசுங்கும், அவ்வளவுதான். பிரிமணையில் வேலை செய்வது அதன் முறுக்கு. பானை அழுத்த அழுத்த வளையம் வெளியே விரியப் பார்க்கும், புரி விடாது. மினிஸ்கஸிலும் கொலாஜன் நார்கள் பெரும்பாலும் வளைவின் போக்கிலேயே ஓடுகின்றன. இரு முனைகளும் எலும்பில் வேர் பிடித்திருக்கின்றன. மேலிருந்து இறங்கும் எடை, நார்களில் இழுவிசையாக மாறிவிடுகிறது. காலை நீட்டியிருக்கும்போது மூட்டில் இறங்கும் சுமையில் பாதியளவு இந்தப் பிறைகள் வழியாகப் போகிறது. 90 டிகிரி மடக்கினால் சுமார் 85%.

அதனால் கிழிசல் எவ்வளவு பெரியது என்பதைவிட, எந்தப் பக்கமாகக் கிழிந்தது என்று கேளுங்கள். நார் ஓடும் திசையிலேயே கிழிந்தால் வளையம் ஓரளவு தாங்கும். குறுக்கே விளிம்புவரை அறுந்தால் முறுக்கு அவிழ்ந்த கதைதான். பின்பக்க வேர் பிடுங்கிக்கொண்டாலும் அப்படியே. உட்பக்கப் பிறையில் அந்த வேர் மட்டும் அறுந்தாலே, மூட்டின் உச்ச அழுத்தம் மினிஸ்கஸை முழுசாக எடுத்துவிட்ட அளவுக்கு ஏறுகிறது என்று 2008இல் ஆய்வகத்தில் அளந்து காட்டினார்கள்.

அப்புறம், வெட்டுவது. ஒரு காலத்தில் இதைத் தேவையில்லாத மிச்சம் என்று நினைத்து முழுசாகவே எடுத்தார்கள். அப்படி எடுத்த முழங்கால்களின் எக்ஸ்ரேயை 1948இல் ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய மருத்துவர் பார்த்தார். மூட்டு இடைவெளி குறுகியிருந்தது, தொடை எலும்பின் உருண்டை தட்டையாகியிருந்தது, ஓரத்தில் எலும்பு வரப்புபோல வளர்ந்திருந்தது. பிறகு 1986இல், தானமாகக் கிடைத்த முழங்கால்களில் உட்பக்கப் பிறையை முழுசாக எடுத்துவிட்டு அளந்தபோது, தொடும் பரப்பு சுமார் 75% குறைந்தது, உச்ச அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டியது. கிழிந்த துண்டை மட்டும் எடுத்தபோது பரப்பு 10%தான் குறைந்தது. ஆனாலும் அழுத்தம் 65% ஏறியது! துக்கடா துண்டு என்று நினைக்கிறோமே, அதற்கே இந்தக் கணக்கு.

வெளிப்பக்கம் போனால் இன்னும் மோசம். அங்கே கீழ் எலும்பும் சற்று மேடு, மேலே இருப்பதும் உருண்டை. பானை மேல் பானை.

ஏசிஎல்லும் அறுந்தவர்களுக்கு ஒன்று. உட்பக்கப் பிறையின் பின்பகுதி, சரிவில் நிற்கும் வண்டிச் சக்கரத்துக்கு வைக்கும் முட்டுக்கல் மாதிரி. நாண் போன பிறகு கீழ்க்கால் முன்னே வழுக்காமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அதையும் எடுத்துவிட்டால் கால் நழுவும்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கும் வலது முழங்காலில் மினிஸ்கஸ் கிழிந்தது. முதலில் பார்த்த மருத்துவர் "எடுத்துடலாம், சீக்கிரம் ஆடலாம்" என்றார். இரண்டாவது மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, விளிம்போரம் கிழிந்திருக்கிறது, தைக்கலாம் என்றார். பெரியவர்களுக்கு ரத்த ஓட்டம் வெளிவிளிம்பில் மட்டும்தான், அங்கே தைத்தால் ஒட்டும் வாய்ப்பு அதிகம். தைத்தார். ஆறு வாரம் ஊன்றுகோல், சம்மணம் கிடையாது, இந்தியன் டாய்லெட் கிடையாது. அழுதிருக்கிறேன்.

எல்லாக் கிழிசலுக்கும் கத்தி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயதில் தேய்ந்து கிழிந்தவர்களை வைத்து ஃபின்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2013இல் வெளியானது. பாதிப் பேருக்குத் துண்டை எடுத்தார்கள், பாதிப் பேருக்கு எடுத்த மாதிரி நடித்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

அண்ணா, உங்களுக்கு: வலி போனது நிஜம், அந்த இடத்தில் அழுத்தம் ஏறியதும் நிஜம். தொடைத் தசையை ஏற்றுங்கள், எடையைக் குறையுங்கள், வீங்கினால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். சனிக்கிழமை டபுள்ஸில் வலைப் பக்கம் நீங்கள் நில்லுங்கள், பின்னால் நான் ஓடுகிறேன்.

பானையில் விரிசல் விழுந்திருக்கிறதா, இல்லை வெளிச்சமா? அம்மா வருவதற்குள் கேமராவை நிறுத்துகிறேன்.