துறைமுக எல்லையும் நம் கரையும்

அனைவருக்கும் வணக்கம். கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: “எங்க இடத்தைத் துறைமுக எல்லைக்குள்ள சேர்த்து கெஜட்டுல போட்டுட்டாங்களே, இனி அது எங்களுது இல்லையா?” அப்படி இல்லை. எல்லை வேறு, உடைமை வேறு.

நூறாண்டுக்கும் மேலாக நம் துறைமுகங்களை ஆண்டது 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம். 2025-இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பழைய எல்லை அறிவிக்கைகள் அந்த 1908 சட்டத்தின்படி போடப்பட்டவை. அதில் துறைமுக எல்லை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 கெஜம் வரை கரையேறி வரலாம் என்று இருந்தது. கூடவே ஒரு நிபந்தனை: தனியார் சொத்துரிமைக்கு உட்பட்டே வரலாம். ஆக, கோடு உங்கள் மனைக்குள் ஓடினாலும் பட்டா செல்லும். அரசியலமைப்பின் 300ஏ பிரிவும், சட்டத்தின் அதிகாரமில்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது.

அந்த உயர் ஓதக் கோடு எது? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் வழக்கமான பெரிய ஓதம், அதாவது கடல் ஏற்றம், தொடுகிற உச்சம். புயலில் தெருவுக்குள் ஏறிய தண்ணீரை வைத்து யாராவது அளந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

  

சரி, பட்டா இருப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. எனக்கு வருத்தமெல்லாம் பட்டா இல்லாத மணலைப் பற்றித்தான். வலை உலர்த்துவது, கருவாடு காயப்போடுவது, படகை ஏற்றி வைப்பது எல்லாம் பெரும்பாலும் புறம்போக்கில் நடக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் புழங்கினாலும் ‘தனியார் சொத்து’ என்ற சொல்லுக்குள் அது அடங்குவதில்லை. இது பெரிய அநியாயம் என்றே சொல்வேன்.

ஆனால் வழியே இல்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். பிறர் நிலத்தைப் புழங்கும் உரிமை பற்றிய 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 18-ஆம் பிரிவில், ஊர் வழக்கத்தால் வரும் உரிமையை ஏற்கிறது. 2019-இல் புது அறிவிக்கை வருவதற்கு முன் இருந்த 2011-இன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் தெளிவாகச் சொன்னது: மீனவ ஊர்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் களங்கள், மீன்பிடி ஜெட்டிகள், ஐஸ் பிளாண்ட் எல்லாம் சர்வே எண் காட்டும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும்.

வரைபடத்தில் இல்லாத களத்துக்காகப் பின்னால் வாதாடுவது கஷ்டம். ஆகவே வரைவு வரைபடம் வந்ததும் ஊர்ப் பஞ்சாயத்தார் அதை வாங்கிப் பாருங்கள். விடுபட்டிருந்தால், சர்வே எண், களத்தின் நீள அகலம், யார் யார் எப்போதிருந்து புழங்குகிறார்கள் என்ற விவரம், புகைப்படம் எல்லாம் சேர்த்து ஆட்சேபணை மனுவைக் கெடுவுக்குள் எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.