ஒரு கடிதம் ஒட்டாவாவில், பதில் கல்கரியில்

வணக்கம் நேயர்களே. எடிட்டர் ஒருவரைப் பற்றி ஐந்தாறு நிமிடம் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டதும், வானொலியிலேயே உட்கார்ந்து ஒரு நாட்டின் சிறுகதையை வளர்த்த மனிதர்தான் எனக்கு ஞாபகம் வந்தார். ராபர்ட் வீவர், கனடாக்காரர். நம்மிடம் பதிப்பாசிரியர் என்றால் ஏட்டுச்சுவடியும் பாடபேதமும்தான் கண்முன் வரும். இவர் அந்த ரகம் இல்லை. உயிரோடு இருக்கிற எழுத்தாளர்களிடம் கதை கேட்டு வாங்கியவர். பிடிக்காததைத் திருப்பியும் அனுப்பியவர்.

1921இல் ஒன்டாரியோ மாநிலத்தில், அருவிக்குப் பேர்போன நயாகரா ஃபால்ஸ் ஊரில் பிறந்தார். டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1948இல் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி வானொலியில் சேர்ந்தார். கையில் கிடைத்தது 'கனேடியன் ஷார்ட் ஸ்டோரீஸ்' என்ற கால் மணி நேர நிகழ்ச்சி. அந்தக் காலத்தில் கனடாவில் கதை எழுதினால் போடுவதற்குப் பத்திரிகைகள் மிகக் குறைவு. வானொலியில் அப்படியில்லை, கதைக்குப் பணமும் கொடுத்தார்கள்.

1951இல் அவர் ஒரு கதையை வாங்கினார். எழுதியவர் ஆலிஸ் லெய்ட்லா என்ற கல்லூரி மாணவி. அந்த வருடக் கடைசியில் திருமணமாகி ஆலிஸ் மன்றோ ஆனார். 2013இல் நோபல் பரிசு வாங்கினாரே, அவரேதான். முதல் கதை வானொலிக்குப் போனது 1951இல், முதல் தொகுப்பு புத்தகமாக வந்தது 1968இல். நடுவில் பதினேழு வருடம். கைக்குழந்தை, சமையல், பெரும்பகுதி வான்கூவர் பக்கத்துப் புறநகர் வீடு. இலக்கிய உலகத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு பெரும்பாலும் டொரொண்டோவிலிருந்து வீவர் போட்ட கடிதங்கள்தான்.

இதை நான் கொஞ்சம் பொறாமையோடு சொல்கிறேன். சில வருடம் ஒரு சிறுபத்திரிகையில் கதைகளைப் பிரித்துப் படிக்கும் வேலை பார்த்தேன். சுயவிலாசமிட்ட உறைக்குள் 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' சீட்டை வைத்து ஒட்டிவிட்டு அடுத்ததை எடுப்பேன். ஏன் இயலவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியதில்லை. வீவர் ஒரு கதையை வேண்டாம் என்றால் அதோடு அடுத்த கதையையும் கேட்டார். மறுப்பைப் படித்துவிட்டு ஒருவர் மறுபடி எழுத உட்கார வேண்டும் என்றால் அந்த இரண்டாவது வாக்கியம் வேண்டும்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1954இல் 'அந்தாலஜி' என்ற இலக்கிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். அது 1985 வரை ஓடியது. 1956இல் நண்பர்களோடு சேர்ந்து 'டமராக் ரெவ்யூ' என்ற காலாண்டிதழ். டமராக் என்பது ஊசியிலை மரம்தான், ஆனால் குளிர்காலத்துக்கு முன் இலையெல்லாம் உதிர்த்துவிடும். சிறுபத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நின்று 1982இல்தான் உதிர்ந்தது. முதல் இதழிலேயே, பின்னாளில் நாவலாசிரியராகப் பேர்பெற்ற டிமோதி ஃபிண்ட்லியின் கதை வந்தது. தாயின் மரணத்தை ஒட்டி மன்றோ எழுதிய 'தி பீஸ் ஆஃப் உட்ரெக்ட்' 1960இல் அதே பத்திரிகையில் வந்தது.

வீவர் 2008இல் காலமானார். அவர் பெயரில் நாவலோ சொந்தக் கதைகளின் தொகுப்போ கிடையாது. தொகுத்த நூல்கள் உண்டு, அவற்றின் உள்ளே இருப்பதெல்லாம் மற்றவர்கள் எழுத்து. அவரைத் தேட வேண்டுமானால் கடிதங்களில்தான் தேட வேண்டும். அவருடைய தாள்கள், அதாவது கடிதங்களும் கோப்புகளும், தலைநகர் ஒட்டாவாவில், கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் சேர்ந்த நிறுவனத்தில் இருக்கின்றன. ஒருவருடைய தாள்களை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது, அவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையைக் குலைக்கக் கூடாது என்பது காப்பகக்காரர்களின் அடிப்படை விதி. எது எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதும் ஒரு சாட்சிதானே!

இதில் ஒரு வேடிக்கை. கடிதம் யாருக்கு வந்ததோ பெரும்பாலும் அவர் பெட்டியில்தான் தங்கும். அதனால் மன்றோ வீவருக்கு எழுதியது ஒட்டாவாவில் இருக்கிறது. வீவர் மன்றோவுக்கு எழுதியது மன்றோவின் தாள்களோடு கல்கரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நடுவில் சுமார் 3,000 கிலோமீட்டர். தாள் காப்பகத்துக்குச் சொந்தம் என்றாலும், அதிலுள்ள வாசகத்துக்கான காப்புரிமை எழுதியவருக்கோ அவர் வாரிசுக்கோதான். புத்தகத்தில் நீளமாக எடுத்துப் போட அனுமதி கேட்க வேண்டும்.

ஆக, இந்த இருவரின் பேச்சை முதலிலிருந்து வரிசையாகக் கேட்க ஆசைப்படும் ஆய்வாளர் ஒட்டாவாவில் பெட்டியைத் திறந்து, மன்றோவின் கடிதத்தைப் படித்து, தேதியைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். வீவர் என்ன பதில் போட்டார் என்று தெரிய கல்கரிக்கு விமானம் ஏற வேண்டும்.

நன்றி, வணக்கம்.