ஜெராக்ஸ் போடுங்க, அண்ணாச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் முதலில் தேடுவது நகலெடுக்கும் கடையைத்தான். “அண்ணாச்சி, ஆதாரை முன்னும் பின்னும் ரெண்டு ஜெராக்ஸ் போடுங்க.” இயந்திரத்தில் கேனான் என்றோ கியோசரா என்றோ எழுதியிருக்கும். பலகையில் ‘நகலகம்’ என்றுகூட இருக்கும். வாயில் வருவது ஜெராக்ஸ்தான்.

சாதாரணத் தாளில், பொத்தானை அமுக்கினால் நகல் வரும் ‘914’ இயந்திரத்தை ஜெராக்ஸ் என்ற நிறுவனம் 1959-இல் கொண்டுவந்தது. பெயர் உலகம் சுற்றியது. அப்புறம் அவர்களே, எங்கள் பெயரை வினையாக்காதீர்கள் என்று விளம்பரம் கொடுத்தார்கள். பெயர் பொதுச்சொல்லாகிவிட்டால் உரிமை கைவிட்டுப் போகும். அமெரிக்காவில் 1921-இல் ஆஸ்பிரினுக்கும் 1963-இல் தெர்மாஸுக்கும் அப்படித்தான் ஆனது. யாகூவோ, “நீங்கள் யாகூ செய்கிறீர்களா?” என்று விளம்பரத்தில் தானே கேட்டுப் பார்த்தது. ஜனங்கள் கூகுள் பண்ணப் போய்விட்டார்கள்.

ஆங்கிலத்தில் பெயர் அப்படியே வினையாகிவிடும். தமிழில் பக்கத்துணைக்கு ஒரு வினை வேண்டும். அது எது என்று கவனிப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஜெராக்ஸ் என்றால் போடுவோம், எடுப்போம். குளத்தைத் தூர்வார ஜேசிபி விடுவோம். டிராக்டர் விட்டு உழுத பழக்கம் அந்த ‘விடு’வில் இருக்கிறது. மஞ்சள் வண்டி எந்த நிறுவனத்துடையதானாலும் நமக்கு ஜேசிபிதான். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் முதலெழுத்துகள் தாமிரபரணிக் கரையில் கால்வாய் வெட்டுகின்றன! டவுன் ரதவீதியில் அல்வா வாங்கி, போன்பேயில் பணம் அனுப்பியவரும் “ஜிபே பண்ணிட்டேன்” என்கிறார். கடைக்காரரும் “சரி” என்று பொட்டலத்தை நீட்டுகிறார்.

இதனால் தமிழ் கெட்டது என்று வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெயர் மட்டுமே வெளியூர். போட்டேன், எடுத்தான், விட்டார்கள் எல்லாம் நம்முடையவை. மனுவில் ‘நகல் இணைத்துள்ளேன்’ என்று எழுதுகிறவரும் கடையில் ஜெராக்ஸ் என்றுதான் கேட்கிறார். இரண்டும் அவருக்கு வேண்டும்.

எனக்கு வருத்தம் விளம்பரங்கள் மேல்தான். ‘அனுபவியுங்கள்’, ‘கண்டறியுங்கள்’ என்று ஆங்கில வினையைப் பெயர்த்து வைக்கிறார்கள். எந்தக் கடையில் யார் அப்படிக் கேட்கிறார்கள்? விளம்பரம் எழுத வரும் பிள்ளைகளே, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு மணி நேரம் நின்று கேளுங்கள். உங்கள் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய வினையை அங்கே யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.