குளிர் தாங்கும், ஈரம் தாங்காது

வணக்கம் நேயர்களே. பூக்கன்றுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் அக்கா என்று நிலையத்தில் இருந்து கேட்டார்கள். றோசாவைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அதனால் நான் வெரோனிக்காவைப் பிடித்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஸ்பீட்வெல் என்பார்கள். பெயர் தெரியாவிட்டாலும் கண்டிருப்பீர்கள். யூன் கடைசியில் ரொறன்ரோவில் யாராவது ஒருவர் வீட்டு முன்வளவில், முழங்கால் உயரத்துக்கு, நாயுருவிக் கதிர் மாதிரி நேராக நிமிர்ந்து, ஆனால் அதைவிட நெருக்கமாக, நல்ல நீலத்தில் கொத்தாக நிற்கும், தேனீ அந்த இடத்தை விட்டு அசையாது.

ஒரு கதிரைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் குட்டிப் பூ. நாலு இதழ், இரண்டே இரண்டு மகரந்தக் காம்பு, அந்த இரண்டும் பூச்சியின் மீசை போல வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். அடியில் இருந்து நுனிக்கு ஏறி ஏறிப் பூக்கும், ஆகவே அடிப்பூ வாடி உதிரும்போதும் நுனியில் பச்சை மொட்டு இருக்கும். நீர்ப்பிரமியும் இசப்கோலும் இருக்கிற குடும்பத்தில்தான் இப்போது இதையும் சேர்த்திருக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் நமக்கு இது முழுக்க அந்நியமும் இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் தடவை ஆறு கன்று வாங்கி ட்ரைவ்வேக்குப் பக்கத்துப் பாத்தியில் வைத்தேன். ஊரில் செம்மண்ணில் பழகிய கை, எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும் என்ற நினைப்பில் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். ஸ்காபரோவில் என் வீட்டு மண் களி, பிடித்தால் கொழுக்கட்டை செய்யலாம். அந்த மாரியில் மகன் வேறு, ட்ரைவ்வேயில் வழித்த பனியை, அதை உருக்கத் தூவின உப்போடு சேர்த்து அந்தப் பாத்தியில்தான் மலையாகக் குவித்தான். ஏப்ரலில் பனி உருகிய பிறகு போய்ப் பார்த்தேன், முளையே இல்லை. ஒன்றை மெல்லப் பிடித்து இழுத்தேன், வேர்க்கழுத்து மண்ணிறமாக, வழுவழு என்று, அழுகின வெங்காய நாற்றத்தோடு கையோடு வந்துவிட்டது. ஆறில் ஐந்து செத்துப்போய்விட்டது. வீட்டில் எல்லாரும் குளிரைத்தான் திட்டினோம்.

குளிரில் பிழையே இல்லை. கதிர் வெரோனிக்கா மைனஸ் 30 பாகையையும் தாங்குகிற சாதி. அதைக் கொல்வது மாரிகாலத்தில் காலடியில் தேங்கி நிற்கும் ஈரம், என் வீட்டில் உப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. இப்போது பாத்தியை அரை அடி உயர்த்தி, கொம்போஸ்டும் பருமணலான சின்னக் கல்லும் கலந்துதான் நடுகிறேன். வேர்க்கழுத்து மண் மட்டத்தில் இருக்க வேண்டும், அதை மூடி மரச்சீவல் குவிக்கவே கூடாது. வெயில் ஆறு மணி நேரமாவது விழவேண்டும், நிழலில் வைத்தால் வெயிலைத் தேடிச் சாய்ந்து கடைசியில் படுத்துவிடும். முதல் கோடையில் கிழமைக்கு ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர், அடுத்த வருடம் முதல் மழை பொய்த்தால் மட்டும். உரம் என்று பெரிதாக வேண்டாம், வசந்தத்தில் ஒரு கை கொம்போஸ்ட் போதும். பசளை கூடினால் இலை கொழுத்துத் தண்டு சரியும்.

எதை வாங்குவது என்று கேட்பீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ரோயல் காண்டில்ஸ். அது 40 சென்ரிமீற்றருக்கு மேல் பெரிதாகப் போகாது, முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. சன்னி போர்டர் ப்ளூ கொஞ்சம் உயரம், இலை சுருங்கிச் சுருங்கி இருக்கும், 1993இல் அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் அந்த ஆண்டின் தாவரமாக அதைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இந்த இரண்டும் ஊதா கலந்த நீலம். நம்முடைய காக்கணம்பூ மாதிரி மனதை இழுக்கிற நீலம் வேண்டுமென்றால் கிறேற்றர் லேக் ப்ளூ, அது வெள்ளனப் பூத்து வெள்ளன முடிந்துவிடும், நடுவால் பிரிந்து விழுகிற குணமும் உண்டு. எனக்கு அந்த நிறத்துக்காக எதையும் பொறுக்கலாம். தரையோடு படர்கிறது வேண்டுமா, ஜோர்ஜியா ப்ளூ. இந்த ஜோர்ஜியா அமெரிக்க மாநிலம் இல்லை, கோக்கேசஸ் மலைப்பக்கத்து நாடு. ரோய் லங்காஸ்ரர் என்ற ஆங்கிலேயத் தாவர ஆர்வலர் 1979இல் அங்கிருந்து கொண்டுவந்தது அது.

பூத்து முடிகிற கதிரை வெட்டுவதில்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். நுனியில் இன்னும் நாலு பூ இருக்கிறதே, பாவம் என்று விட்டுவிடுவோம். விடாதீர்கள். முக்கால்வாசி காய்ந்ததும் தண்டைக் கீழ்நோக்கித் தடவிப் பாருங்கள், இலைக் கக்கத்தில் இரண்டு பக்கமும் குட்டிக் கதிர் முளைத்து நிற்கும், அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். விதைக்குப் போகிற சத்து அந்த இரண்டுக்கும் போகும், யூன் கடைசியில் தொடங்கினது ஓகஸ்ட் வரை இழுபடும்.

ஓகஸ்டில் இலையில் திருநீறு பூசினது மாதிரி வெள்ளை படியலாம். பூஞ்சணம். உயரமான சாதிகளுக்கு அது அதிகம் வரும். நெருக்கமாக நின்றால் சில தண்டுகளை அடியோடு எடுத்துக் காற்றுக்கு வழி விடுங்கள், தண்ணீரைக் காலையில் அடியில் மட்டும் ஊற்றுங்கள். மிஞ்சினால் அரைவாசிக்கு வெட்டிவிடுங்கள், புது இலை வரும்.

மூன்று நாலு வருடத்தில் நடு மரத்துப்போய் ஓரத்தில் மட்டும் பச்சை நிற்கும். பிரிக்கச் சொல்கிறது என்று அர்த்தம். ஏப்ரல் கடைசியில் முளை இரண்டு அங்குலம் வந்ததும் முழுதாகக் கிளப்பி, நான் பழைய பாண் வெட்டுகிற கத்தியால் அறுப்பேன், நடுக்கட்டையை எறிந்துவிட்டு ஓரத்துண்டுகளை ஒரு அடி இடைவெளியில் நடுவேன். அந்த முதல் வருடத்தில் தப்பின ஒற்றைக் கன்றில் இருந்து வந்ததுதான் இப்போது வேலி நீளத்துக்கு நிற்கிறது.

கடைசியாக ஒன்று. லண்டனில் இருக்கும் என் தங்கை தன் புல்தரையில் குட்டி நீலப்பூ கம்பளம் விரித்திருக்கிறது, நீ சொல்கிற பூவா என்று படம் அனுப்பினாள். சொந்தம்தான். அது வெரோனிக்கா ஃபிலிஃபோர்மிஸ், பாறைத் தோட்டத்து அழகுக்கென்று பிரித்தானியாவுக்குக் கொண்டுபோய், பிறகு புல்தரைகளில் களையாகப் போனது. அங்கே விதை விடுவதே அபூர்வம், புல் வெட்டும் மெஷின் துண்டு துண்டாக நறுக்கி எறிய ஒவ்வொரு துண்டும் வேர் விடும். இதைச் சொன்னேன். மச்சான் அன்றைக்கே மெஷினைக் கராஜுக்குள் தள்ளிவிட்டு, இனிப் புல் வெட்டினால் களை பரவும் என்று தேத்தண்ணியோடு உட்கார்ந்துவிட்டாராம்.