பழங்கஞ்சி குடித்த குவார்ட்டர்பேக்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பரிசளிக்க வந்திருக்கும் விளையாட்டு அலுவலர் அவர்களே, எண்பது வயதைக் கடந்தும் முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் நம் முதல் பயிற்சியாளர் ஐயா அவர்களே, தாய்மார்களே, இளம் வீரர்களே, அனைவருக்கும் வணக்கம். பந்தலும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய அன்பர் தம் பெயரைச் சொல்லலாகாது என்று கேட்டுக்கொண்டதால், அவர் இருக்கும் திசை நோக்கி ஒரு கும்பிடு.

அமெரிக்கக் கால்பந்து வீரர் கர்ட் வார்னரைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்: அவர் ஒதுக்கப்பட்டது, காத்திருந்தது, பின்னாளில் அரிசோனா அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றது.

அங்கே கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கும் ‘டிராஃப்ட்’ ஆண்டுதோறும் நடக்கிறது. 1994-இல் ஏழு சுற்றுகளில் 222 பேரை எடுத்தார்கள். வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டில் மட்டுமே முதன்மைக் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக, ஆடிய வார்னர் அவர்களில் ஒருவர் அல்லர். முகாமுக்கு அழைத்த கிரீன் பே அணியும் பருவம் தொடங்குமுன்பே அனுப்பிவிட்டது. ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்பார்களே, தேர்வாளர்களின் கணக்கும் அதுதான்.

சீடர் ஃபால்ஸ் நகரத்துப் பலசரக்குக் கடையொன்றில், மணிக்கு ஐந்தரை டாலர் கூலிக்கு, இரவு முழுவதும் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். பிறகு உள்ளரங்கக் கால்பந்தில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்கு மூன்று பருவங்கள் ஆடினார். ஐம்பது கெஜமே நீளமுள்ள அந்தத் திடலில் நொடியில் முடிவெடுத்து எறியாவிட்டால் பிழைப்பில்லை. 1997-இல் சிகாகோ அணி சோதித்துப் பார்க்க அழைத்தது. அவரோ தேனிலவுக்குப் போயிருந்தார். அங்கே ஒரு பூச்சி கடித்தது, சிலந்தி என்கிறார்கள். உடம்பில் எத்தனையோ இடமிருக்க, பந்தெறியும் கையின் முழங்கையைப் பார்த்தா அது கடிக்க வேண்டும்! முழங்கை வீங்கிப்போய் வாய்ப்பும் கைவிட்டுப் போயிற்று. (சிரிக்கிறீர்கள், புதுமாப்பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.) பின்னர் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவரைச் சேர்த்து, 1998-இல் ஆம்ஸ்டர்டாமுக்கு ஆட அனுப்பியது. மறு ஆண்டு, புதிதாகப் பிறந்த கிளீவ்லாந்து அணி விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவரைப் பட்டியலில் வைத்தது, அவர்களும் எடுக்கவில்லை.

1999 ஆகஸ்டில் ராம்ஸ் அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. இருபத்தெட்டு வயதுப் பழங்கஞ்சியைத் தவிர வேறு வழியில்லை. பதினாறு ஆட்டங்களில் எறிந்தே அணியை முன்னேற்றியது 4,353 கெஜம்; எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்த்த ‘டச்டவுன்’ எறிகள் 41. அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது. முந்தைய பருவத்தில் நான்கே வெற்றி கண்டிருந்த அணி, 2000 ஜனவரி 30 அன்று அட்லாண்டாவில் சூப்பர் பௌல் எனும் இறுதி ஆட்டத்தை வென்றது.

அரிசோனா பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்; அவர் சொல்லை மீறேன். ஆனால் நான் ஆண்டுகளாகக் கேட்டுவருவதைக் கேட்காமல் இறங்கமாட்டேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான். அதைக் குடித்தவன்தானே உச்சிவெயிலில் ஏர் பிடித்தான்? நம் கழகத் தேர்வில் ஒருநாள் தவறியவனுக்கு ஆறு மாதத்தில் இரண்டாம் தேர்வு வேண்டும். இருபத்தொரு வயதோடு கதவைச் சாத்தும் விதி நீங்க வேண்டும்.

அந்த இறுதி ஆட்டத்தின் கடைசி நொடியில், ராம்ஸ் 23-16 என முன்னிலையில் இருக்க, எதிரணியான டென்னசியின் வீரர் கெவின் டைசனைக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் மடக்கி வெற்றியைக் காத்தவர் ராம்ஸ் வீரர் மைக் ஜோன்ஸ். 1991 டிராஃப்டில் அவரையும் எவரும் எடுக்கவில்லை. கோரிக்கைத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.